என்னைத் திட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மலேசியாவின் பினாங்கில் இருக்கும் ஜெலுத்தோங் அடுக்குமாடிக்காரர்களுக்கும், உடற்குறை உள்ள குழந்தைகளுக்கான எங்கள் மறுவாழ்வு மையத்தாருக்கும், அக்கரைப் பாட்டிக்கும் வணக்கம்.

மையத்தில் என் பதினோரு மாதம் முடிகிறது, இன்னும் ஆறு நாளில் ஊருக்கு, திருச்சிக்குக் கிளம்புகிறேன். பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. எடை பார்ப்பதற்காக ஏழாவது மாடி ஆன்ட்டியின் தராசை இரவல் வாங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றேன். பெட்டியின் எடை சரிதான். என் எடைதான் வந்தபோது இருந்ததைவிட ஐந்து கிலோ கூடியிருக்கிறது. அதற்குக் காரணமானவர்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்கெல்லாம் இந்த ஒரு வரியோடு நன்றி சொல்லி முடித்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏனென்றால் இந்த மடல் சோறு போட்டவர்களுக்கு அல்ல. முகத்துக்கு நேரே "நீ செய்வது தப்பு" என்று சொன்னவர்களுக்கு.

முதல் திட்டு வந்து இறங்கிய மறுநாளே கிடைத்தது. ஊரிலிருந்து கொண்டு வந்த சார்ஜருக்கு உருண்டைக் கம்பி, இங்கே சுவரில் இருப்பதோ சதுர ஓட்டை. மேல் ஓட்டையில் எதையாவது விட்டு அழுத்தினால் கீழே இரண்டும் திறந்துகொள்ளும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தலையில் இருந்த ஹேர்பின்னைக் கழற்றிக் குனிந்தேன். வாசல் கதவு திறந்திருந்தது. இரும்புக் கிரில்லுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு சத்தம்: "ஏம்மா, சாகறதுக்கா ஊர்லேருந்து இவ்வளவு தூரம் வந்தே?" பக்கத்து வீட்டு அங்கிள். முப்பது வருடம் எலெக்ட்ரிக் வேலை பார்த்தவர். அந்த மூன்றாவது ஓட்டை எதற்கு இருக்கிறது, இருநூற்று நாற்பது வோல்ட் என்ன செய்யும் என்று கிரில்லைப் பிடித்துக்கொண்டே பத்து நிமிடம் பாடம் எடுத்தார். நான் யார், எந்த ஊர், என்ன பெயர் என்பதையெல்லாம் அதற்கு அப்புறம்தான் கேட்டார். பிறகு உள்ளே போய் ஓர் அடாப்டரைக் கொண்டு வந்து கொடுத்தார்.

அந்த அறை கிடைத்ததே பெரிய கதை. அதற்கு முந்தைய நாட்களில் திருச்சியிலிருந்தபடியே போனில் தேடியதில், ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கும்வரை அறை காலியாக இருக்கும், என் பெயரைச் சொன்னதும் நிரம்பிவிடும். 'இந்தியர்களுக்கு இல்லை' என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தவர்களும் உண்டு. உங்களுக்கு இது பழகிப்போன எரிச்சல். எனக்குப் புதுசு. கடைசியில் மையத்தின் வேன் ஓட்டும் சீன அங்கிள்தான் தன் தங்கை வீட்டில் பேசி முடித்தார். இரண்டு மாத முன்பணம் கேட்கிற ஊரில் ஒரு மாதத்துக்குச் சம்மதிக்கவும் வைத்தார்.

மையத்தில் நான் வாங்கிய திட்டைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் என் தலைக்கனத்தைப் பற்றி எழுத வேண்டும். திருச்சியில் எட்டு வருடம் பிசியோதெரபிஸ்ட். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளைப் பார்த்துப் பழகிய கை. வரும்போதே ஒரு தடிமனான ஃபைல் கொண்டு வந்தேன், படம் போட்ட பயிற்சித் தாள்கள். முதல் வாரம் ஒவ்வொரு குழந்தையாக வாங்கி, மெத்தையில் படுக்க வைத்து, காலை நீட்டி, மடக்கி, நானே எல்லாம் செய்தேன். அம்மாக்கள் சுவர் ஓரம் உட்கார்ந்து போன் பார்த்தார்கள். வேலை நன்றாக நடப்பதாக நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை காக் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மலாயில் 'காக்' என்றால் அக்கா. மையத்தில் எல்லோருக்கும் அவர் காக்தான், இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருப்பவர். ஒரு கோப்பை தே ஓவை, அதாவது பால் சேர்க்காத தேநீரை, என் முன்னால் வைத்துவிட்டு, பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னார்: "நீ இங்கே பதினோரு மாதம். அந்த அம்மா ஐம்பது வருஷம். உன் கை எதற்கு அவ்வளவு வேலை செய்கிறது?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் நிதானமாக விளக்கினார். இந்த நாட்டில் சமூகம் சார்ந்த மறுவாழ்வு வேலை 1984இல் திரங்கானுவில் பத்து ராக்கிட் என்கிற ஊரில் தொடங்கியது. மருத்துவமனைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாத குடும்பங்களுக்கு, குடியிருக்கும் இடத்திலேயே, வீட்டு ஆட்களின் கையாலேயே பயிற்சி நடக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. எங்கள் மையமும் அந்த வழியில் நடப்பதுதான். நான் செய்துகொண்டிருந்ததோ, திருச்சி ஆஸ்பத்திரியைப் பெயர்த்துக்கொண்டு வந்து பினாங்கில் வைக்கிற வேலை. நான் போனதும் அது என்னோடு விமானம் ஏறிவிடும். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து என் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அம்மாக்களின் கையைப் பார்த்துப் பேசப் பழகினேன். எளிதாக இல்லை. பிடி தவறாக இருப்பதைப் பார்த்தும் பாய்ந்து வாங்காமல் இருக்க வேண்டும். அப்படி நான் பாயும்போதெல்லாம் அறையின் அந்தக் கோடியிலிருந்து "பெலான் பெலான்" என்று காக்கின் குரல் வரும். மெதுவாக, மெதுவாக. அது குழந்தைக்கு அல்ல, எனக்கு.

இப்போது அக்கரைப் பாட்டி.

மாதம் இரண்டு முறை ஃபெரியில் கடலைத் தாண்டி அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து வேனில் வீடு வீடாகப் பார்ப்போம். பாட்டியின் பேரனுக்கு நாலு வயது. கழுத்து சரியாக நிற்காது. அவன் அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, அதனால் பகல் முழுக்கப் பாட்டிதான். முதல் முறை போனபோது என் ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தேன். குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து, நெஞ்சுக்குக் கீழே பஞ்சு உருளையை வைத்து, கைகளை முன்னால் நீட்டித் தலையைத் தூக்கப் பழக்க வேண்டும். உருளை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். விலையைச் சொன்னேன். "சரி, பார்ப்போம்" என்றார்.

இரண்டு வாரம் கழித்துப் போனால் என் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. கட்டிலில் பேரன் குப்புறக் கிடந்தான். நெஞ்சுக்குக் கீழே ஒரு நீளமான உருளை, பூப்போட்ட துண்டு சுற்றியிருந்தது. பிரித்துக் காட்டச் சொன்னேன். இரண்டு பெரிய மைலோ டின்கள். வாயோடு வாய் வைத்து, பழுப்பு டேப்பால் ஏழெட்டுச் சுற்று. கூர் விளிம்பு எதுவும் கையில் படவில்லை, சைக்கிள் டியூபை வெட்டி ஓரத்துக்கு வைத்து ஒட்டியிருந்தார். தூக்கிப் பார்த்தேன், உள்ளே ஏதோ கலகலவென்றது.

"பச்சைப்பயறு, ஒரு பிடி" என்றார். "எதுக்குப் பாட்டி?" என்று கேட்டேன். என்னை அவர் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. "சத்தம் வந்தாத்தானே என்னமோன்னு தலையைத் தூக்குவான்? சும்மா தூக்குடான்னா எந்தப் பிள்ளை தூக்கும்?"

எட்டு வருடத்தில் எனக்குத் தோன்றாத விஷயம். என் தாளில் குழந்தையின் கழுத்து இருந்தது, தோள் இருந்தது, கோணம் இருந்தது. எதைப் பார்க்க அவன் தலையைத் தூக்க வேண்டும் என்பது மட்டும் இல்லை. மெல்ல விசாரித்தால், பாட்டி கெடாவில் சுங்கைப்பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். கல்யாணமான புதிதில் பால்மரம் வெட்டப் போயிருக்கிறார், பிறகு பதினைந்து வருடம் ஆயாக்கொட்டகையில் வேலை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்குப் போகிற அம்மாக்கள் தூக்கக் கலக்கத்தோடு விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளையெல்லாம் சமாளித்தவர். அவரிடம் போய் நான் பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று படம் போட்ட தாளைக் கொடுத்திருக்கிறேன்!

அன்று கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார், வாசலில் செருப்பு மாட்டும்போது. "நீ வந்ததிலேருந்து எங்கிட்டயே பேசறே. அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே? அவன் பேர்கூட நீ கூப்பிடலை." திரும்பிப் போய்க் கூப்பிட்டேன். கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தான். ஃபெரியில் திரும்பி வரும்போது வேன் அங்கிளிடம்கூட அதிகம் பேசவில்லை நான்.

ஏழாவது மாடி ஆன்ட்டி, உங்கள் முறை வந்துவிட்டது. நீங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு வாயைத் திறந்திருக்க மாட்டேன். உங்கள் பேத்தி லிஃப்டில் "பாசார் போயிட்டு வந்தோம்" என்றாள். நான் பெரிய மேதாவி போல, "பாசார் இல்லடா கண்ணு, சந்தை" என்றேன். நீங்கள் ஏழாவது மாடிக்கு வந்தும் இறங்கவில்லை. கதவைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்: "உங்க ஊர் நாடகத்துல டைமாச்சு, டென்ஷன் பண்ணாதே, ஃபிரிட்ஜ்ல இருக்குன்னு பேசறாங்களே, அதெல்லாம் எந்தச் சங்கத்துல அரங்கேறிச்சு? வெள்ளைக்காரன்கிட்ட வாங்கினா தமிழ், மலாய்க்காரர்கிட்ட வாங்கினா தப்பா?"

என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து இருநூறு ஆண்டுக்கு மேலாக இந்த மண்ணில் தமிழ் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை உங்கள் வீட்டு வரவேற்பறையில்தான் தெரிந்துகொண்டேன். திருச்சியில் என் அக்கா பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு பத்தி எழுத வராது. உங்கள் பேத்தி முழுப் பக்கம் எழுதுகிறாள், சந்திப்பிழை இல்லாமல். திட்டி முடித்த கையோடு ஒரு பழைய நோட்டில் எனக்கு வேண்டிய மலாய்ச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தீர்கள். சாக்கிட் என்றால் வலி, லாகி என்றால் இன்னும், போலே என்றால் முடியும். மையத்தில் ஒரு மலாய்க் குழந்தை முதல் முறையாக என்னைப் பார்த்து "லாகி" என்றபோது, பயிற்சியை இன்னொரு தடவை கேட்கிறான் என்று புரிந்தது உங்கள் நோட்டால்தான். 'வெள்ளி' என்றால் இங்கே ரிங்கிட் என்பதை மட்டும் நீங்கள் எழுத மறந்துவிட்டீர்கள். காய்கறிக்காரர் "மூணு வெள்ளி" என்றதும் மூன்று வாரம் கழித்துத்தான் வருமோ என்று நின்ற என் முகத்தை அவர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

டெங்கு வந்த பத்து நாளைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன், நினைத்தாலே எலும்பு வலிக்கிறது. தினமும் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனது வேன் அங்கிள். காலையில் என்னைப் பார்த்ததும் ஹொக்கியனில் "சியாக் பா போய்?" என்பார், சாப்பிட்டாயா என்று அர்த்தம். என் காதில் கடைசிச் சொல் 'பொய்' என்றுதான் விழும். "ஆச்சு" என்று நான் சொன்ன பதிலும் பொய்தான். இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டார். கஞ்சி டப்பாவை என் மடியில் வைத்து, பாதி காலியாகும்வரை வண்டியை எடுக்கவில்லை. அவருக்கு வந்த கோபத்தில் பேசியது முழுக்க ஹொக்கியன், ஒரு சொல்லும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது.

தைப்பூசத்தைச் சொல்லாமல் விட்டால் பேரனின் அம்மா வருத்தப்படுவார். இரதம் புறப்படும் நாளன்று மகனைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பினாங்குத் தெருவுக்கு அழைத்துப் போகப் போவதாகச் சொன்னார். கூட்டம், சத்தம், வெயில், உடம்பு இன்னும் விறைத்துக்கொள்ளும், வேண்டாம் என்று மருத்துவ தோரணையில் சொன்னேன். "டாக்டர், அவனுக்கு மேளம் பிடிக்கும்" என்றார். அவ்வளவுதான். நான் டாக்டர் இல்லை என்பதை அவரிடம் பலமுறை சொல்லியாகிவிட்டது, கேட்பதில்லை.

சரி, நானும் கூடப் போனேன். விடியற்காலை அந்தத் தெருவில் நகரத்தாரின் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் வெளியே வந்தது. சாலையில் குவித்திருந்த தேங்காய்களைத் தமிழர்களும் சீனர்களும் போட்டி போட்டு உடைத்தார்கள், காலணி முழுக்க இளநீர். உறுமி பக்கத்தில் வந்ததும் நான் நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டேன். அவன் தலையைத் தூக்கினான். மைலோ டின் இல்லாமல். எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவது என் பழக்கம், அன்று எண்ணவில்லை. அவன் அம்மா எண்ணியிருக்கிறார், பிறகு சொன்னார்: இரதம் திரும்புகிற வரைக்கும்.

மற்றபடி: ரைஸ் குக்கர் கீழ்வீட்டு மாணவர்களுக்கு. குடை வாட்ச்மேன் அண்ணனுக்கு. என் ஃபைலை மையத்தில் விட்டுப் போகிறேன் காக், பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, பிள்ளைகள் கிறுக்கட்டும். ஆன்ட்டி, நோட்டைத் திருப்பிக் கேட்காதீர்கள். பாட்டி எனக்கென்று தனியாக ஓர் உருளை செய்து நேற்று வேனில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பெட்டியில் வைத்தால் பாதி இடம் போகிறது, வைத்துவிட்டேன். விமான நிலையத்தில் திறக்கச் சொல்லி உள்ளே என்ன என்று கேட்டால் பச்சைப்பயறு என்று சொல்லிக்கொள்கிறேன்.

அங்கிள், அடாப்டரை மட்டும் எங்கே தேடியும் காணோம். பெட்டியின் அடியில் எங்காவது போயிருக்கும். அப்படி இருந்தால் அது இனி திருச்சியில்தான் கிடைக்கும். அதற்கும் திட்டிவிடுங்கள், கிரில் பக்கம்தான் நிற்கிறேன்.