மெல்லப் பாடும் சேனல்

மார்த்தாண்டம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே ஆனி மழை விடவில்லை. ரப்பர் வெட்டு நின்றுவிட்டதால் வீட்டில் எல்லோரும் மரச்சீனிக் கிழங்கு அவிப்பதும் மழையைப் பார்ப்பதுமாக இருக்கிறோம். அம்மாவுக்குக் கால்வலி கொஞ்சம் தேவலை. "பாலக்காட்டுக்காரன் எப்போ வருவான்?" என்று உன்னைத்தான் கேட்டாள்.

உன் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அந்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப் (கிதார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) உன் கைக்கு வந்துவிட்டது என்று படித்ததும் எனக்கு மேலே வாசிக்க ஓடவில்லை. கறுப்பு முகப்பு என்கிறாய். அப்படியானால் 1963-க்கும் 1967-க்கும் நடுவில் செய்ததாக இருக்கும். பத்திரமாக வைத்துக்கொள்.

சரி, உன் கேள்வி. வால்யூமை இரண்டு சேனலிலும் (கிதாரைச் செருகும் இரண்டு தனி வழிகள்) 3-ல் வைத்தால் வைப்ரேட்டோ சேனல் முழங்குகிறது, நார்மல் சேனல் சோர்ந்து கிடக்கிறது, மெக்கானிக் வால்வு (சத்தத்தைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்பட்டு எதையும் மாற்றாதே. அந்த ஆம்ப் பிறந்ததே அப்படித்தான்.

நார்மல் சேனலில் கிதாரின் சத்தம் ஒரு 12ஏஎக்ஸ்7 ரக வால்வின் இரண்டு பாதிகளைக் (ஒவ்வொரு பாதியும் தனியாகப் பெருக்கும்) கடந்து நேராக ஸ்பீக்கரை ஓட்டும் பின்கட்டுக்குப் போய்விடுகிறது. வைப்ரேட்டோ சேனலில் வழி நீளம். அங்கே ரிவெர்ப், அதாவது எதிரொலி முழக்கம், கலக்க வேண்டும். அதற்காக நேர் சத்தத்தை 3.3 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக விட்டு நன்றாக அமுக்கிவிடுகிறார்கள். அமுக்கியதை மீட்க நாலாவது வால்வின் ஒரு பாதி கூடுதலாக நிற்கிறது. அது இழந்ததை மீட்பதோடு நிற்காமல் மேலும் கொஞ்சம் சேர்த்தே கொடுக்கிறது. இன்னொன்று, வைப்ரேட்டோ சேனலின் வால்யூம் கன்ட்ரோலில் 47 பிகோஃபாரட் கண்டென்சர் ஒன்று இருக்கிறது, நார்மலில் இல்லை. வால்யூம் குறைவாக இருக்கும்போது அது கீச்சு ஒலியை மட்டும் தாராளமாகத் தாண்டவிடும். காதுக்கு அது கூர்மையாகப் படும், கூர்மையைச் சத்தம் என்றே எடுத்துக்கொள்வோம். வால்யூமை ஏற்ற ஏற்ற அதன் வேலை குறைந்து, 10-ல் இல்லாமலே போய்விடும். நீ 3-ல் வைத்து ஒப்பிட்டதால்தான் இவ்வளவு வித்தியாசம் தெரிந்திருக்கிறது. (அந்தச் சேனலுக்கு வைப்ரேட்டோ என்று பெயர் போட்டிருந்தாலும் அதில் சுருதி ஆடுவதில்லை, சத்தம்தான் ஏறி இறங்குகிறது. ட்ரெமலோ என்பதே சரி.)

அந்தக் கூடுதல் பாதியால் இன்னொரு விளைவும் உண்டு. வால்வின் ஒரு பாதி ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் அலை தலைகீழாகும் அல்லவா? ஒரு சேனலில் கட்டம் ஒன்று அதிகம் என்பதால் இரண்டு சேனல்களும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும். மார்ஷல் ஆம்பில் செய்வதுபோல இரண்டையும் வயரால் இணைத்து வாசித்தால் சத்தம் பெருகாது, மெலிந்துபோகும்.

ஆனாலும் வால்வு நிஜமாகவே சோர்ந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். ஆம்பை அணைத்து ஆறவிடு. பின்பக்கமிருந்து பார்த்தால் வலது ஓரத்தில் இருப்பது முதல் வால்வு, நார்மல் சேனலுடையது. அடுத்தது வைப்ரேட்டோவுடையது. இரண்டும் ஒரே ரகம், இடம் மாற்றிப் போடு. சோர்வு வால்வோடு கூடவே அடுத்த சேனலுக்குப் போனால் வால்வில் குறை. நார்மலிலேயே தங்கினால் வால்வின் மேல் பழியில்லை. சாக்கெட்டையும் பார். நம் ஊர்க் கடல்காற்றுக்கு அந்தச் சின்ன ஊசித் துளைகள் எப்படிக் கறுக்கும் என்று உனக்குத் தெரியும். பாடகர் குழு ஆம்புக்குப் புது வால்வுகள் வாங்கிப் போட்டும் கரகரப்பு போகாமல், கடைசியில் சாக்கெட்டைத் துடைத்ததும் சரியான அந்தக் கிறிஸ்மஸை நான் மறக்கவில்லை.

எந்த வால்வு போடலாம் என்று கேட்டிருந்தாய். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100, ஐரோப்பாவில் அதற்கே இசிசி83 என்று பெயர். 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60, 12ஏஒய்7-க்கு 44 சுமார், 12ஏயு7-க்கு 20-க்குள். எல்லாம் ஒரே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் இந்த எண்ணை அப்படியே சத்தமாக நினைத்துவிடாதே. சர்க்யூட்டில் 12ஏஎக்ஸ்7 கொடுப்பது 50, 60 மடங்குதான். 100-ஐ 70 ஆக்கினாலும் காதுக்குச் சுமார் 3 டெசிபல்தான் குறையும்.

அதனால் இரண்டு சேனலையும் வால்வால் சமப்படுத்த முயல்வது வீண் என்பது என் எண்ணம். அதற்குத்தான் வால்யூம் குமிழ் இருக்கிறது. வால்வு மாற்றினால் மாறுவது தொனி: குமிழை எவ்வளவு திருப்பினால் ஒலி உடையத் தொடங்கும், விரலுக்கு எப்படி இடம் கொடுக்கும் என்பது. வைப்ரேட்டோ உனக்கு ரொம்பக் காரமாக இருந்தால் இரண்டாவது இடத்தில் 5751 போட்டுப் பார். 12ஏஒய்7 இன்னும் சாது. 1950-களின் ட்வீட் டீலக்ஸில் ஃபெண்டரே அதைத்தான் முதல் வால்வாக வைத்தது. 12ஏடி7-ஐ அங்கே நான் போடமாட்டேன். அது இன்னும் அதிக மின்னோட்டம் கேட்கும் வால்வு, 12ஏஎக்ஸ்7-க்காக அமைத்த ரெசிஸ்டர்களோடு விறைத்துக்கொண்டு பாடும். ரிவெர்பை ஓட்டும் மூன்றாவது இடமும் சின்ன வால்வுகளில் கடைசியான ஆறாவது இடமும்தான் 12ஏடி7-க்கு உரியவை, அவற்றைத் தொடாதே.

இங்கே ஒரு பழைய மைக் செட் கடையைக் காலி செய்தபோது பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த இசிசி83 இரண்டு கிடைத்தது. 1961-லிருந்து அவர்கள் வால்வு செய்தார்கள். ஒன்றை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

நார்மல் சேனலைச் சோர்ந்தது என்று தள்ளாதே, மக்கா. ஆலயத்தில் கீர்த்தனைக்கு வாசிக்கும்போது நான் அதில்தான் வாசிக்கிறேன். பெண்கள் பகுதியின் மேல் ஏறாமல், அடியில் பாய் விரித்ததுபோல் கிடக்கும். ரிவெர்ப் இல்லாத குறையும் தெரியாது, ஆலயத்தின் கூரையே போதுமான முழக்கம் தருகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. அது 120 வோல்ட் ஆம்ப். 300 வாட்டுக்குக் குறையாத ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் போடாதே. ஒயர் இரண்டு பின்னா என்று பார். அப்படியானால் எர்த்தோடு மூன்று பின் ஒயர் மாற்றி, மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு, அதாவது ஆம்பின் உலோகச் சட்டத்துக்குப் போகும் அந்தச் சின்னக் கண்டென்சரையும் கழற்றச் சொல். அது பழுதானால் கிதார்க் கம்பியிலேயே கரண்ட் வரும். ஸ்டெப் டவுனிலும் எர்த் தொடர்ந்து வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே நீ கை வைக்காதே. அணைத்த பிறகும் கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேலும் தங்கியிருக்கலாம்.

இடம் மாற்றிப் பார்த்துவிட்டு, சோர்வு எந்தப் பக்கம் போனது என்று எழுது. அதைப் பொறுத்து இசிசி83-ஐப் பார்சலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரிதம் கிதார்