நன்கொடை வேண்டுகோள்: திரும்பி வருவதற்கான பணமும் கையில் இருக்க வேண்டும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு, மிஷனெரி கமிட்டியின் ஸ்தோத்திரம்.

மிஷன் ஆஸ்பத்திரிகளில் மருத்துவக் கருவிகள் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற நம் அண்ணாச்சியும் (வயது 64), வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற அக்காவும் (வயது 61) வருகிற ஜனவரியில் கென்யா போக ஆயத்தமாகிறார்கள். விக்டோரியா ஏரிப் பக்கம் உள்ள ஒரு திருச்சபை ஆஸ்பத்திரியில் 2 வருடப் பணி. சம்பளம் கிடையாது. தங்க வீடு மட்டும் அந்தச் சபையார் தருகிறார்கள்.

1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்று நம் முன்னோர் தீர்மானித்தார்கள். சமைக்கும்போது காணிக்கைக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைத்த தாய்மார் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். இப்போதும் அதே முறையில்தான் கேட்கிறோம்.

பொதுவாக டிக்கெட்டுக்குப் பணம் சேர்ந்ததும் வழியனுப்பு ஆராதனை வைத்து, சால்வை போட்டு அனுப்பிவிடுவோம். ஆறு மாதம் கழித்து மாதாந்திரக் காணிக்கை குறையும். அந்த நேரம் பார்த்து அங்கே ஒருவர் படுத்துவிட்டால், மருத்துவச் செலவுக்கும் திரும்பி வருவதற்கும் கையில் ஒன்றும் இருக்காது. அறுபது தாண்டியவர்களை அப்படி அனுப்பக் கூடாது. ஆகவே இரு வழி டிக்கெட், மருத்துவக் காப்பீடு, அவசர நிதி மூன்றும் வங்கியில் சேர்ந்த பிறகே பயணத் தேதி குறிப்பது என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது.

கணக்கு இது. இருவருக்கும் இரு வழி விமானக் கட்டணம் 1,70,000 ரூபாய். 2 வருடக் காப்பீடு 3,60,000. இது பலருக்கு அதிகமாகத் தெரியலாம். மலிவான பயணக் காப்பீடுகள் ஏற்கெனவே உள்ள ரத்த அழுத்தம், சர்க்கரை தொடர்பான சிகிச்சையைத் தள்ளிவிடும். அண்ணாச்சிக்கு இரண்டும் உண்டு. ஏரிக்கரையிலிருந்து நைரோபிக்கு ரோட்டில் ஏழெட்டு மணி நேரம் ஆகும் என்பதால், நோயாளியை விமானத்தில் கொண்டுபோகும் செலவையும் ஏற்கிற பாலிசிதான் எடுக்கிறோம். பணி அனுமதி, சான்றிதழ்கள், போலீஸ் தடையின்மைச் சான்று ஆகியவற்றுக்கு 1,15,000. உடல் பரிசோதனை, தடுப்பூசி 35,000. கட்டில், அடுப்பு, தண்ணீர் வடிகட்டி, இன்வெர்ட்டர் 1,40,000. அவசர நிதி 4,00,000. ஆக மொத்தம் 12,20,000 ரூபாய். கையிருப்பு 8,30,000. குறைவது 3,90,000.

இது தவிர மாதச் செலவு 40,000. மாதம் 200 ரூபாய் தரும் 200 குடும்பங்கள் இருந்தால் போதும். இதுவரை 74 குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன, இன்னும் 126 வேண்டும். ஒரே தடவையில் 5,000 தருகிறவரைவிட, 24 மாதமும் விடாமல் 200 தருகிறவரே இந்தப் பணிக்கு அதிகம் தேவை.

பணி அனுமதி பற்றி ஒரு வார்த்தை. சுற்றுலாவுக்கான ஆன்லைன் பயண அனுமதியில் போய் அங்கே ஊழியம் செய்வது சட்ட மீறல். மத, தொண்டுப் பணிக்கென்று தனி வகுப்பு அனுமதி இருக்கிறது. அங்குள்ள சபையார் விண்ணப்பித்திருக்கிறார்கள். அது கைக்கு வரும்வரை டிக்கெட் எடுக்க மாட்டோம். அக்காவுக்கு அந்நாட்டு நர்சிங் கவுன்சில் பதிவும் வேண்டும். அது கிடைக்கும்வரை நோயாளிகளைத் தொட மாட்டார்கள், ஆயாமாருக்குப் பயிற்சி மட்டும் கொடுப்பார்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைத் தூத்துக்குடித் துறைமுக சுகாதார அலுவலகத்தில் போடலாம். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். சான்று இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்தில் 6 நாள் வரை தனியே வைப்பார்கள். ஆனால் அறுபதுக்கு மேல் அந்த ஊசியால் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல். எனவே மருத்துவர் இருவரையும் பார்த்துச் சம்மதித்த பிறகே ஊசி. பல் வைத்தியமும் கண்புரைப் பரிசோதனையும் இந்த மாதமே முடிந்துவிட வேண்டும்.

அண்ணாச்சியின் முதல் வேலை, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின்கள் அங்கே முடங்கிக் கிடப்பதைச் சரிசெய்வது. காற்று உள்ளே போகும் ஃபில்டரில் தூசி அடைத்தால் கம்ப்ரசர் சூடேறும். மெஷினைப் பல மாதம் ஓட்டாமல் வைத்தால், உள்ளே நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் சியோலைட் என்ற தாதுப்பொருள் ஈரம் குடித்துக் கெட்டுப்போகும். அப்புறம் மெஷின் ஓடும், குழாயில் காற்றும் வரும். ஆக்சிஜன் மட்டும் போதிய அளவு இருக்காது. குழந்தை மூச்சுக்குத் திணறும்போதுதான் தெரியவரும். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க, ஆக்சிஜன் அளவைக் காட்டும் அனலைசர் கருவி வேண்டும். புதிதாகவோ, நல்ல நிலையில் பழையதாகவோ ஒன்று கிடைத்தால் பெரிய உதவி. ஃபில்டர்களும் மல்டிமீட்டரும் வாங்கியாயிற்று.

பொருளாகக் கொடுக்க விரும்புகிறவர்கள் முதலில் எங்களிடம் கேளுங்கள். இருவருக்கும் சேர்த்து 92 கிலோதான் அனுமதி, அதில் 30 கிலோ கருவிகளுக்கே போகிறது. சால்வை, பாத்திரம், நினைவுப் பரிசு வேண்டாம். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் கேரி பேக் தடை. பொடியோ வடகமோ தருகிறவர்கள் துணிப்பையில் கட்டித் தாருங்கள். மருந்துச் சீட்டோடு 3 மாத மாத்திரை கைப்பையில் போகும். மாற்று மூக்குக் கண்ணாடி, மருந்து தோய்த்த கொசுவலை இரண்டு ஏற்கெனவே தயார்.

காணிக்கை தரும் முறை. ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். செலவு வெளிநாட்டில், பணியும் சமயப் பணி என்பதால் 80ஜி வருமான வரிச் சலுகை இதற்குக் கிடைக்காது. வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான அரசுப் பதிவு நம் கமிட்டிக்கு இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம், அவர்கள் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருந்தாலும், வாங்க முடியாது. மனம் வருந்த வேண்டாம், சட்டம் அப்படி.

கென்யாவுக்குப் பணம் வங்கி வழியாக மட்டுமே போகும். ஒவ்வொரு தடவையும் வங்கிக் கட்டணம் பிடிப்பதால் 3 மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்புவோம். அனுப்பிய தொகையும் மீதியும் அந்த ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும். அவசர நிதி செலவாகாவிட்டால் அடுத்து போகிறவர்களுக்கு அப்படியே இருக்கும்.

மாதாந்திரப் பெயர்ப் பட்டியல் ஆலய வாசலில் பொருளாளரிடம் இருக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வரும் தொகையில் பாதியை இதற்கு ஒதுக்கக் குருவானவர் இசைந்திருக்கிறார். மீதிக் காணிக்கைகள் டிசம்பர் முதல் ஞாயிறுக்குள் வந்து சேர வேண்டும். தொகை நிறையாவிட்டால் பயணம் ஏப்ரலுக்குத் தள்ளிப்போகும்.

இப்படிக்கு,
மிஷனெரி கமிட்டியார்