இத்தாலியில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஜூலையில் துபாய்ப் பள்ளிக்கூடங்கள் மூடியதும் நான், மனைவி, பிள்ளைகள் இருவர், கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்ட அம்மா என்று ஐந்து பேராக ரோமில் இறங்கி, நேப்பிள்ஸ் வழியாகச் சிசிலி வரை போய் வந்தோம். படங்களையெல்லாம் ஏற்கெனவே போட்டாயிற்று. அந்தப் படங்களில் இல்லாத சில பேர் கைகொடுக்காவிட்டால் ரோமோடு திரும்பியிருப்போம், அவர்களுக்குத்தான் இந்த மடல். பாதிப் பேருக்குப் பெயர் தெரியாது, ஒரு குடும்பத்தைத் தவிர யாருக்கும் தமிழும் தெரியாது. அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா?

முதலில் ரோம் டெர்மினி ஸ்டேஷன் பக்கத்து மருந்துக்கடைக்காரருக்கு. அம்மாவின் பெட்டி எங்களோடு வந்து சேரவில்லை (எந்த விமானம் என்பதை விடுங்கள், சொன்னால் மட்டும் என்ன ஆகப்போகிறது), பிரஷர் மாத்திரை அதற்குள். அங்கே பச்சை நிறச் சிலுவை விளக்கு எரிந்தால் அது மருந்துக்கடை. உள்ளே போய், கும்பகோணம் டாக்டர் எழுதிய சீட்டைப் போனில் காட்டினேன். நம் டாக்டர் எழுத்து யாருக்குப் புரியும்! அவர் சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்து, கம்பெனிப் பெயரை ஒதுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் மருந்து என்ன என்று மட்டும் கேட்டார். அம்லோடிபின், 5 மில்லிகிராம். ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்தார், அம்மாவை உட்காரவைத்து பிரஷரும் பார்த்தார். பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை.

அப்புறம், ரோமில் தெரு பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். அந்த ஊரில் தெருமுனைகளில் இரண்டாயிரத்துக்கும் மேல் இரும்புக் குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், வளைந்த மூக்கு மாதிரி கீழ்நோக்கி ஊற்றும். என் பையன் அதன் அடியில் தலையைக் கொடுத்துச் சட்டையெல்லாம் நனைந்து நின்றான். பெரியவர் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து, குழாயின் வாயை விரலால் அடைத்துக் காட்டினார். மேலே இருக்கிற சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டு நேரே வாய்க்கு வந்தது. அதற்குப் பிறகு பிள்ளைகள் கொலோசியத்தைவிடக் குழாய்களைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

நேப்பிள்ஸ் ஹோட்டலில் பரிமாறிய தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. அம்மா சுத்த சைவம் என்று சொன்னதும், பாஸ்தாமேல் தூவ இருந்த பார்மிஜானோ சீஸைத் திரும்ப எடுத்துப் போய்விட்டார். பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பதைச் சேர்க்கிறார்களாம், அதைப் போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். பேசாமல் தூவியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அம்மாவுக்குச் சீஸே இல்லாத மரினாரா பீட்சா வந்தது. தக்காளி, பூண்டு, எண்ணெய், அவ்வளவுதான். இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பாம்பேய் வாசலில் நின்ற பெண்மணிக்கு: கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஊரில் தெருவெல்லாம் கரடுமுரடான எரிமலைக்கல், முட்டிவலிக்காரர்களுக்குத் தண்டனை. அம்மாவின் கைத்தடியைப் பார்த்ததுமே நீங்கள், ஆம்ஃபி தியேட்டர் பக்கத்து வாசலுக்குப் போங்கள், அங்கிருந்து சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்றே போட்ட பாதை இருக்கிறது என்று வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுத்தீர்கள். அந்தக் கோட்டில்தான் அம்மா முழு ஊரையும் பார்த்தார்கள். ரொட்டிக்கடையில் மாவரைக்கக் கழுதை சுற்றிய கல்லைப் பார்த்து, "நம்மாத்துத் திருகைதான், கொஞ்சம் ஒசரமா இருக்கு" என்று அதை விட்டு நகரவே இல்லை.

அங்கிருந்து சிசிலியின் பலெர்மோவுக்கு ரயில். மெசினா நீரிணையில் ரயிலைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கப்பலுக்குள் தள்ளிக் கடலைத் தாண்டுகிறார்கள்! மேல்தளத்துக்குப் போய்ப் பாருங்கள் என்று பிள்ளைகளை எழுப்பிவிட்ட டிக்கெட் பரிசோதகருக்கும் நன்றி, இல்லாவிட்டால் தூங்கியே கடந்திருப்போம்.

பலெர்மோவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பல்லாரோ சந்தையில் கறிவேப்பிலை வாசனை வந்தது, போய்ப் பார்த்தால் தமிழ்க் கடை. எண்பதுகளிலிருந்து ஈழத்தமிழர்கள் குடியேறிய ஊர் என்று படித்திருந்தேன், ஆனாலும் "இந்தியாவோ? வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்று கேட்டதும் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கடைக்கார அண்ணனும் அக்காவும் அன்றைக்குக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, "ரொசாலியா மாதாவிட்டைப் போகாமல் பலெர்மோவிலயிருந்து திரும்புறதோ?" என்று பெல்லெக்ரினோ மலைக்குக் காரில் கூட்டிப் போனார்கள். ரொசாலியா அந்த ஊரின் காவல் புனிதை; 1624இல் கொள்ளைநோய் வந்தபோது அந்த மலையில் கிடைத்த அவளுடைய எலும்புகளை ஊரைச் சுற்றி எடுத்து வந்ததும் நோய் நின்றதென்று நம்பிக்கை. கோயில் முகப்புதான் கட்டடம், உள்ளே முழுக்கக் குகை. கூரையில் கசியும் தண்ணீர் தலையில் சொட்டாமல் இருக்கத் தகரப் பாளங்களை வளைத்து வளைத்துக் கட்டி, ஓர் ஓரமாக வழித்து விட்டிருக்கிறார்கள். அண்ணன் குடும்பம் சைவ சமயம்தான், இருந்தும் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அங்கேதான் நேர்த்திக்கடன். அம்மா ஒன்றுமே கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

ஜூலை 14 இரவு ரொசாலியாவின் தேர். நெரிசலில் நிற்க முடியாமல் அம்மா தவித்தபோது, ஒரு பழக்கடைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கையில் தர்ப்பூசணித் துண்டையும் கொடுத்தார். வாணவேடிக்கை முடியும்வரை அந்த நாற்காலியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவருக்கும் நன்றி.

கடைசியாக அக்காவுக்கு: நீங்கள் கட்டிக் கொடுத்த சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் விமான நிலையம் வரைகூடத் தாங்கவில்லை. உங்கள் எவர்சில்வர் டப்பா எங்களிடம்தான் இருக்கிறது, அம்மா அதில் உங்களுக்காகக் கும்பகோணம் காப்பிப்பொடி நிரப்பி வைத்திருக்கிறார்கள். துபாயிலிருந்து பலெர்மோ பக்கம் யாராவது போவதாக இருந்தால் தயவுசெய்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து கொடுக்கிறேன்.