‘இதோ வருதுங்க’: கொங்கு நாட்டு ஹோட்டல் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், பொள்ளாச்சிப் பக்கம் ராத்திரி டிபன் போடுகிற ஹோட்டல் முதலாளிகளுக்கு வணக்கமுங்க.

ராத்திரி எட்டேகாலுக்கு ஒரு குடும்பம் வந்து உட்காருகிறது. தண்ணீர் வரப் பத்து நிமிஷம். ஆர்டர் எடுக்க இன்னொரு பத்து. நாலு பேரில் ஒருவருக்கு இட்லி வந்துவிடும். அவர் சாப்பிட்டுக் கை காய்ந்த பிறகு அடுத்தவருக்கு ரோஸ்ட் வரும். கடைசி ஆள் சொன்ன ஊத்தப்பம் வருவதற்குள் குழந்தை தூங்கிவிடும். யாரைக் கேட்டாலும் “இதோ வருதுங்க” என்பதுதான் பதில். கோபம் கல்லாவுக்கு வந்தால் நீங்கள் சப்ளையரைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் திட்டுகிறீர்கள். அதில் பிரயோஜனம் இல்லைங்க. அந்த டேபிளின் தாமதம் சாயங்காலம் ஆறரைக்கே சமையல்கட்டில் முடிவாகிவிட்ட ஒன்று. எப்படி என்று கணக்குப் போட்டே காட்டிவிடுகிறோம்.

முதலில் கல். நாலடிக்கு இரண்டடி தோசைக்கல்லில் ஓரடி அகல ரோஸ்ட் எட்டு ஊற்றலாம் என்று கல் விற்கிறவர் சொல்வார். மூலைகளில் சூடு ஏறாது, அதனால் ஒழுங்காக வேகிறது ஆறுதான். ஒரு ரோஸ்ட் சிவக்க மூன்று நிமிஷம். எடுத்து, தண்ணீர் தெளித்து, வாரியலால் தேய்த்து, எண்ணெய் தடவி அடுத்த வரிசை ஊற்ற இன்னொரு நிமிஷம். நாலு நிமிஷத்துக்கு ஆறு என்றால் மணிக்கு 90. பார்க்கப் பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் ஞாயிறு ராத்திரி 100 பேர் உட்காரும் ஹாலில் எட்டு மணியிலிருந்து எட்டு இருபதுக்குள் 60 தோசை ஆர்டர் விழுந்தால், அந்த இருபது நிமிஷத்தில் கல் இறக்குவது 30 மட்டும். மீதி 30-க்கு இன்னும் இருபது நிமிஷம். இது பார்சல் ஒன்றுகூடச் சேர்க்காத கணக்கு. மாஸ்டர் பறந்து பறந்து ஊற்றினாலும் கல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

அந்தக் கல்லிலேயே ஊத்தப்பம் ஏறினால் கதை இன்னும் மோசம். வெங்காய ஊத்தப்பம் ஆறு நிமிஷம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அதாவது இரண்டு ரோஸ்ட்டின் இடம் போச்சு. ஆகவே ஊத்தப்பம், அடை, செட் தோசைக்கு இரண்டரை அடியில் தனிச் சின்னக் கல் ஒன்று போடுங்கள். மெனு கார்டை அச்சடித்த செலவைவிட அதிகம் ஆகாது என்று சொல்ல ஆசைதான், ஆகும். ஆனாலும் ஏசி ஹாலுக்குப் போட்ட சீலிங் லைட் செலவில் பாதிக்குள் முடிந்துவிடும்.

கல் இருந்தும் சூடு இல்லாத ராத்திரிகள் உண்டு. 19 கிலோ சிலிண்டர் ஒன்றிலிருந்து தோசைக்கல், பரோட்டாக்கல், சாம்பார் அடுப்பு மூன்றும் இழுத்தால், உள்ளே திரவம் வேகமாக ஆவியாகி சிலிண்டர் குளிர்ந்துபோகும். வெளியே வேர்த்து நிற்பதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். அழுத்தம் இறங்கும், சுடர் சுருங்கும், மூன்று நிமிஷ ரோஸ்ட்டுக்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும். மாஸ்டருக்கே காரணம் பிடிபடாது, மாவைத் திட்டுவார். ராத்திரி அடுப்புகளுக்கு ஒரே குழாயில் குறைந்தது இரண்டு மூன்று சிலிண்டரைச் சேர்த்து மாட்டச் சொல்லுங்கள். பாதிக்குக் கீழே போனதை ஆறரைக்கே மாற்றிவிட வேண்டும். எட்டரைக்கு ஸ்பேனர் தேடக் கூடாது.

அடுத்தது மாவு. வெட் கிரைண்டருக்கே புவிசார் குறியீடு வாங்கிய ஊர் கோவை. அந்த ஊரில் ராத்திரி தோசை புளிப்பது கேவலமுங்க. முந்தின நாள் சாயங்காலம் ஆட்டிய மாவுதான் பல இடங்களில் மறுநாள் ராத்திரி வரை ஓடுகிறது. காலை இட்லிக்குப் பதமாக இருந்தது ராத்திரிக்குப் புளித்துவிடும். புளித்த மாவில் சர்க்கரைச் சத்தைக் கிருமிகள் தின்று தீர்த்திருக்கும், எவ்வளவு நேரம் கல்லில் கிடந்தாலும் தோசை வெளுத்தே வரும். அதைச் சிவக்கவைக்க மாஸ்டர் சர்க்கரையோ கடலைமாவோ கலப்பார், வாடிக்கையாளர் நாக்கில் அது தெரிந்துவிடும். ராத்திரிக்கு என்று காலை எட்டு ஒன்பது மணிவாக்கில் தனி ஈடு ஆட்டுங்கள். நாலுக்கு ஒன்று அரிசி, உளுந்து. வெயில் காலத்தில் சாயங்காலம் ஐந்துக்குப் பொங்கிவிடும், உடனே ஃப்ரிட்ஜில் ஏற்றிவிட வேண்டும். மார்கழியில் கூடுதல் நேரம் கேட்கும், அப்போது விடிகாலையிலேயே ஆட்டுவது உத்தமம். ஃப்ரிட்ஜிலிருந்து நேராகக் கல்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். சில்லென்ற மாவு கல்லின் சூட்டை உறிஞ்சிவிடும், நடுவில் ஒட்டும், ஓரத்தில் வேகாது. முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் சின்னச் சின்னப் பாத்திரமாக வெளியே எடுத்துவைப்பதுதான் முறை.

தேங்காய்ச் சட்னியை மூன்று மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். ஏழுக்கு ஒரு ஈடு, எட்டரைக்கு ஒரு ஈடு என்று அரைத்தால் போதும். சாம்பார் நேரம் ஆக ஆகப் பருப்பு இறுகிக் கெட்டியாகும். அதில் சப்ளையர் குழாய்த் தண்ணீரை ஊற்றுவார், உப்பும் சூடும் ஒன்றாகப் போய்விடும். கொதித்த புளித்தண்ணியில் உப்பும் பெருங்காயமும் போட்டு ஒரு கேத்தல் ஓரமாகத் தயாராக இருக்கட்டும். பெயின்-மேரியில், அதாவது வெந்நீர்த் தொட்டிமேல் சூடாக வைக்கும் பாத்திரத்தில், சாம்பார் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்கு அடியில் இருக்கும் தண்ணீர் 80-க்கு மேல் இருக்க வேண்டும். நிறைய ஹோட்டலில் அந்தத் தண்ணீர் கை வைத்தால் தாங்குகிற சூட்டில்தான் இருக்கிறது.

இனி ஹாலுக்கு வருவோம்.

நாலு பேர் டேபிள் ஐந்துக்கு ஒரு சப்ளையர். இரண்டு சப்ளையருக்கு, இலை எடுத்து டேபிள் துடைக்கிறவர் ஒருவர். இதற்குக் கீழே ஆள் குறைந்தால், இலை எடுக்காத டேபிளில் அடுத்த குடும்பத்தை உட்காரவைப்பதும் ஒரே ஈரத்துணியால் பத்து டேபிள் துடைப்பதும் தானாக வந்துவிடும். ஆனால் ஆள் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒருவர் உண்டு, அவரைத்தான் நீங்கள் முதலில் நிறுத்திவிட்டீர்கள். சமையல்கட்டு வாசலில் நின்று எடுத்துக் கொடுக்கிறவர். அவர் இல்லாத இடத்தில் கல்லிலிருந்து இறங்கும் தோசை யாருடையது என்பதைக் கை வேகம்தான் முடிவு செய்யும். வேகமான சப்ளையர் அடுத்தவர் தோசையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், சாதுவான சப்ளையரின் டேபிள் முக்கால் மணி நேரம் காயும். எடுத்துக் கொடுக்கிறவர் கையில் டோக்கன் வரிசையாக இருந்தால், ‘பன்னிரண்டாம் டேபிள், இரண்டு ரோஸ்ட் இறங்குது, இட்லி வைங்க’ என்று ஒரு டேபிளுக்கு எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்புவார். நாலு பேரும் ஒன்றாகச் சாப்பிடுவது அந்த ஓர் ஆளின் சம்பளத்தில் இருக்கிறது.

ஆன்லைன் ஆர்டர் இன்னொரு தலைவலி. மிஷின் கத்துகிறது, கடிகாரம் ஓடுகிறது, டெலிவரிப் பையன் வாசலில் ஹெல்மெட்டோடு நிற்கிறார். ஹாலில் இருப்பவர் சத்தம் போடாமல் காத்திருக்கிறார். இயல்பாகவே கத்துகிறதுக்கு முதல் தோசை போகிறது. ஏழரை முதல் ஒன்பதரை வரை பார்சலுக்குத் தனி அடுப்பு, தனி ஆள் வையுங்கள். முடியாதா? அந்த இரண்டு மணி நேரம் ஆப்பில் ரோஸ்ட் வகைகளை மட்டுமாவது ‘இல்லை’ என்று போட்டுவிடுங்கள். பார்சலில் போகிற ரோஸ்ட் வீடு சேரும்போது எப்படியும் ஈரத்துணிதான்.

கூட்டம் எப்போது வரும் என்பது ஒன்றும் பரம ரகசியம் இல்லையே. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்டு விடுவது எட்டரைக்கு, சனிக்கிழமை சம்பளம். ஈரோட்டில் ஜவுளிச் சந்தைக்கு வரும் வெளியூர் வியாபாரிகள் திங்கள் ராத்திரி வருவார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஞாயிறு சாயங்காலம் ஊட்டியிலிருந்து இறங்குகிற வண்டி எல்லாம் பசியோடு இறங்கும். முகூர்த்த நாள் காலண்டரில் இருக்கிறது. அந்த நாட்களில் மெனுவைப் பாதியாக வெட்டுங்கள். 180 ஐட்டம் எழுதிவைத்து ஒன்பதரைக்கு “அது இல்லைங்க, இதுவும் இல்லைங்க” என்று சொல்லவைப்பது சப்ளையருக்குச் செய்யும் கொடுமை.

கல்லே வேண்டாத ராத்திரிச் சாப்பாடு நம் ஊரிலேயே இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நூடுல்ஸ் கிளறுகிறோம். அரிசியும் பருப்பும் சாதம் ஒரு தேக்சா ஆக்கி வைத்தால் போதும். ஐந்து கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய். 60 தட்டுக்குக் குறையாது. கெட்டியாகாமல் இருக்கக் கொஞ்சம் தளரவே இறக்கி, பரிமாறும்போது நெய் விட வேண்டும். உட்கார்ந்த ஐந்தாம் நிமிஷம் தட்டு முன்னால் இருக்கும். சந்தகை என்கிற சேவையும் அப்படித்தான். ஏழுக்குப் பிழிந்து ஈரத்துணி போட்டு மூடிவைத்தால் எலுமிச்சைக்கும் தேங்காய்ப்பாலுக்கும் ஒன்பது வரை தாங்கும்.

அசைவக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளிபாளையம் சிக்கன் என்று போர்டில் எழுதிவிட்டு சோயா சாஸும் சிவப்புக் கலரும் போட்ட குழம்பைக் கொடுக்காதீர்கள். விதை எடுத்த வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், மஞ்சள், உப்பு, அவ்வளவுதான் அது. காவிரிக்கு அந்தப் பக்கம் ஐந்து நிமிஷத்தில் அந்த ஊரே இருக்கிறது என்பது ஈரோட்டுக்காரர்களுக்காவது நினைவிருக்கட்டும். புதிதாகச் செய்ய இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஆகுமென்று சொன்னால் காத்திருப்பார்கள்.

சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது. “இதோ வருதுங்க” என்பதை ஹாலில் தடை செய்யுங்கள். “ரோஸ்ட்டுக்கு இருபது நிமிசம் ஆகுமுங்க, அரிசிம்பருப்பு உடனே இருக்குதுங்க, என்ன பண்ணட்டுங்க?” என்று கேட்கப் பழக்குங்கள். வேகும் நேரத்தை எடுத்துக் கொடுக்கிறவர் ஒரு சிலேட்டில் எழுதிக்கொண்டே இருந்தால் சப்ளையருக்கு அது தெரியும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நிற்கும் பையன்களுக்குத் தமிழ் வராது என்று அலுத்துக்கொள்கிறீர்கள். அவர்களுக்கு ஐம்பது வார்த்தை போதும்: ஐட்டம் பெயர்கள், காரம், வெங்காயம் வேண்டாம், இன்னொரு சாம்பார், எத்தனை நிமிசம், பில். ஒரு வாரம் மத்தியானம் மூன்று மணிக்கு அரை மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்கள். ‘ங்க’ போடுவதை அவர்கள் தாமாகவே பிடித்துக்கொள்வார்கள்.

ஆர்டர் மாறிப்போனால் அந்தக் காசைச் சப்ளையர் சம்பளத்தில் பிடிக்கிற வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். எங்கள் கணக்கில் ஹாலில் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி இதிலிருந்துதான் பிறக்கிறது. எண்பது ரூபாய் தன் பாக்கெட்டிலிருந்து போகும் என்றால் எந்த மனுஷனும் “நீங்க இதைத்தானுங்க சொன்னீங்க” என்றுதான் சாதிப்பார். ஒரு டேபிளுக்கு 200 ரூபாய் வரை யாரையும் கேட்காமல் கழிக்கும் உரிமையைச் சூப்பர்வைசரிடம் கொடுங்கள். எதற்குக் கழித்தார் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். மாதக் கடைசியில் அதைப் புரட்டினால் எந்தக் கல், எந்த ஐட்டம், எந்த நேரம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஆறிப்போன தோசையைத் திரும்பக் கல்லில் போட்டுக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம், அது தோல் மாதிரி இழுக்கும்.

கடைசியாகப் பில். சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். காம்போசிஷன் என்கிற சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் இருக்கிற கடை அந்த ஐந்தைக்கூட வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் ஏற்றக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். இவற்றில் குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம் என்பது இப்போது கல்லூரிப் பையன்களுக்குக்கூடத் தெரியும். அதைவிடச் சின்ன விஷயம், அதிக எரிச்சல்: சாப்பிட்டு முடித்தவர் பில்லுக்கும் மீதிக்கும் கால் மணி நேரம் காத்திருப்பது. க்யூஆர் அட்டையைக் கல்லாவில் மட்டும் ஒட்டாமல் ஒவ்வொரு டேபிளிலும் வையுங்கள்.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டம் திருத்தியது. அது ஹோட்டலுக்கும் பொருந்துமா என்று ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டிருக்காமல் சமையல்கட்டு ஓரம் நாலு ஸ்டூல் போட்டுவிடுங்கள். பகல் பதினொன்றுக்கு வந்தவர் ராத்திரி ஒன்பதுக்கும் நின்றுகொண்டே சிரிக்க வேண்டும் என்றால் இடையில் எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. பத்து மணிக்குக் கடை அடைப்பதென்றால் அடையுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் உள்ளே ஒரு டேபிள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாற்காலிகளைக் கவிழ்த்துவைத்து ஃபினாயில் தெளிக்காதீங்க. நெய் ரோஸ்ட் வாசனையோடு அது கலக்கவே கலக்காது.

இப்படிக்கு,
கல்லிலும் கல்லாவிலும் நின்று பழகிய சிலர்