கூட்டுக் கிணறும் வான்கோழியும்

ரோலா, மிசோரி
மே 8

அன்புள்ள தம்பிக்கு,

புதன்கிழமை இரவு நீ போனில் பேசியபோது நான் 'ம்' கொட்டிக்கொண்டு மட்டும் இருந்தேன். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். உனக்கும் எனக்கும் ஒரே வாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் வாழ்த்து. வேட்டையில் முதல் வான்கோழிச் சேவலே இருபது பவுண்டு, காலில் ஓர் அங்குல முள் என்றால் சும்மா இல்லை. போட்டோவை அம்மா ஊருக்கு, கோபிச்செட்டிபாளையத்துக்கு, அனுப்பிவிட்டாள். 'இதை உரித்து முடிப்பதற்குள் பொழுது போய்விடுமே' என்று உன் பெரியம்மா கேட்டிருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னதை நான் புரிந்துகொண்ட வரிசை இது. போன வாரப் புதன்கிழமை, உங்கள் பர்மிட் வாரத்தின் முதல் நாள், உன் நண்பன் ஒரு மணி நேரம் பெட்டை மாதிரிக் குரல் கொடுத்து வரவழைத்த சேவலை ஐம்பது கஜத்தில் சுட்டுத் தவறவிட்டாய். (நாற்பதைத் தாண்டினால் விரலை எடுத்துவிடு என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.) வெள்ளிக்கிழமை மறுபடியும் அவனே குரல் கொடுத்தான். இரண்டாவது சேவல் உன் பக்கமாக வந்தது, நீயே சுட்டாய். 'நல்ல பறவை' என்று சொன்னவன் வண்டி மேடிசன் வந்து சேரும் வரைக்கும் வேறு பேச்சே பேசவில்லை. திங்கட்கிழமை அவனுக்கு வேலை. நீ உன் ஆபீஸ் நண்பனை நீங்கள் வேட்டையாடிய அதே மேட்டுக்குக் கூட்டிப் போனாய், அவன் ஓர் இளஞ்சேவலைச் சுட்டான். செவ்வாய்க்கிழமை உன் நண்பன் தனியாகப் போய் உட்கார்ந்திருக்கிறான். மேட்டில் ஒரு சத்தம் இல்லை. அன்றோடு அவனுடைய ஏழு நாளும் முடிந்தது. இப்போது நீ கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

'நான் என்னப்பா தப்புப் பண்ணினேன்' என்று கேட்டாய். சட்டப்படி ஒன்றுமில்லை. உன்னிடம் பர்மிட் இருந்தது, ஒரு பறவைதான் சுட்டாய், ஒழுங்காகப் பதிவும் செய்தாய். வேட்டையைக் கண்காணிக்கிற வார்டன் வந்திருந்தாலும் கை குலுக்கிவிட்டுத்தான் போயிருப்பார். ஆனால் நீ கேட்டது வார்டனைப் பற்றி இல்லையே.

ஊரில் நம் கூட்டுக் கிணறு உனக்கு நினைவிருக்கும். அதில் நாலு பங்காளிகள். எட்டு நாளில் இரண்டு நாள் உன் தாத்தாவின் முறை. முறை நாளில் கரண்ட் போனாலும் மோட்டார் புகைந்தாலும் அது அவரோடு போயிற்று. அடுத்தவன் முறையில் போய், 'நேற்று எனக்குக் கரண்ட் இல்லை, அரை நாள் விடு' என்று யாரும் கேட்க முடியாது. கேட்டால் எல்லோருமே கேட்பார்கள், கிணற்றடியில் தலை உருளும். ஒரு கோடையில் தாத்தாவின் இரண்டு நாளும் கரண்ட் இல்லாமலே போனது. மஞ்சள் வாடிக்கொண்டு நின்றது. அவர் கயிற்றுக் கட்டிலில் மோட்டார் ரூம் பக்கமே பார்க்காமல் படுத்திருந்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் பெரியப்பா வந்து, 'உச்சி வரைக்கும் நீ பாய்ச்சிக்க' என்று சொல்லிவிட்டுப் போனார். அது அவர் கொடுத்தது. தாத்தா எடுத்துக்கொண்டிருந்தால் கதை வேறு.

புதன்கிழமை நீ விசையை இழுத்த நொடியில் உன் முறை முடிந்தது. பட்டதா, தவறியதா என்பது கணக்கில் வராது. நம் பெரியவர் இதைத்தான் முதல் நாளே எனக்குச் சொன்னார். நீ சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய டிரக்கில் ஏறி ஹாரன் அடிப்பாயே, அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரரைத்தான் சொல்கிறேன். ஏப்ரலில் சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் டிரக்கின் பின்பலகையை இறக்கி, அதன்மேல் ஒரு குவார்ட்டர் நாணயத்தைச் சுண்டுவார். ஜெயித்தவன் மறுநாள் முன்னால் உட்கார வேண்டும். மற்றவன் பின்னால் உட்கார்ந்து குரல் கொடுக்க வேண்டும். ஒரு தடவை துப்பாக்கி வெடித்தால் இடம் மாற வேண்டும். இவ்வளவுதான் அவருடைய சட்டம். இருட்டில், பறவை மரத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது யார் முறை என்று பேச ஆரம்பித்தால் யாருக்கும் நியாயம் தோன்றாது என்பார்.

'அது என் பக்கமாகத்தானே வந்தது' என்றாய். இதற்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நான் இன்னும் ஒன்றுகூடச் சுடாத வருடம், என் முறை. ஓக் மரத்தடியில் நான் தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் எட்டடி தள்ளி அவர், மடியில் துப்பாக்கி, கையில் உரசிப் பெட்டைக் குரல் எழுப்புகிற சிலேட்டும் குச்சியும். சேவல் எங்களைச் சுற்றிக்கொண்டு வடக்கே வந்துவிட்டது. நான் திரும்ப முடியாது, திரும்பினால் ஓடிவிடும். முதுகுக்குப் பின்னால் அது தோகை விரித்துச் சிறகைத் தரையில் தேய்க்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அந்த அடித்தொண்டை உறுமல். காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் அதிரும், உனக்கும் இப்போது தெரிந்திருக்கும். பதினைந்து கஜம் இருந்தது என்று அப்புறம் சொன்னார். அவர் பையில் பர்மிட் இருந்தது, துப்பாக்கியில் தோட்டா இருந்தது. அவர் குச்சியைக்கூட நகர்த்தவில்லை. ஐந்து நிமிடம் நின்றுவிட்டு அது நடந்து போயிற்று. 'ஏன் சுடவில்லை' என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. 'உன் முறை' என்றார்.

உன் நண்பன் தூங்கிக்கொண்டிருந்தால் என்ன, அவனுக்கு முன்னால் மரம் மறைத்தால் என்ன. வெள்ளிக்கிழமை உன் வேலை குரல் கொடுப்பது, இல்லையென்றால் கல்லாக உட்கார்ந்திருப்பது. 'நீ சுடு' என்று அவன் தலையசைத்திருந்தால் வேறு. அசைத்தானா என்று யோசித்துப் பார்.

இரண்டாவது விஷயம்தான் பெரிது. முறை தப்பினால் ஒரு நாள் கோபம். இடத்தைக் கொடுத்துவிட்டால் அது நீளும்.

அந்த மேட்டை உனக்குக் காட்டியவன் அவன். நிலத்துக்காரருக்கு இரண்டு கோடை வைக்கோல் கட்டு ஏற்றிக் கொடுத்து, வேலி போட்டுக் கொடுத்து வாங்கிய அனுமதி என்று நீயே சொன்னாய். அந்த அனுமதியில் நீ அவனுடைய விருந்தாளி. விருந்தாளி இன்னொரு விருந்தாளியைக் கூட்டி வரலாமா? நிலத்துக்காரர் கை அசைத்தார் என்கிறாய். விடியற்காலையில் யாரோ இரண்டு பேர் வண்டியிலிருந்து இறங்கினால், அதில் ஒன்று தெரிந்த முகம் என்றால், யாரும் கை அசைக்கத்தான் செய்வார்கள். அதைப் பத்திரம் மாதிரி எடுத்துக்கொள்ளாதே. அரசாங்கக் காடாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். அங்கே யாரும் போகலாம். ஆனால் ஒருவன் உன்னைக் கூட்டிப்போய்க் காட்டிய இடத்துக்கு அவன் இல்லாமல் போக வேண்டுமென்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இதில் பர்மிட்டின் நாள் கணக்கும் சேர்கிறது. இங்கே எங்களுக்கு மூன்று வாரம், இரண்டு பறவை. உங்கள் விஸ்கான்சினில் சீசனை ஏழு ஏழு நாளாக வெட்டித் தருகிறார்கள். அவனிடம் இருந்தது அந்த ஒரு வாரம். அதில் ஒரு நாளை நீ தின்றாய், ஒரு நாளை உன் ஆபீஸ்காரன் தின்றான்.

இதையெல்லாம் யோக்கியன் மாதிரி எழுதுகிறேனே, நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கே முழுதாகத் தெரியாது. என் முதல் சேவலுக்கு அடுத்த வருடம், பெரியவர் தங்கை வீட்டுக்கு அர்கன்சா போயிருந்தார். அவர் காட்டிய ஓடைக்கரைக்கு நான் தனியாகப் போய் ஒன்றைச் சுட்டேன். சொல்லக் கூடாது என்று அப்போது நினைக்கவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இரண்டு நாள் போனதும் சொல்வதற்குக் கூச்சம் வந்துவிட்டது. ஒரு வாரம் போனதும் அது பொய்யாகவே ஆகிவிட்டது. அவர் திரும்பி வந்து அங்கே போயிருக்கிறார். இலைச் சருகுமேல் வெண்கல நிறச் சிறகுகள் கையளவு கிடந்திருக்கின்றன, பக்கத்தில் என்னுடைய தோட்டாக் கூடு. வேலியோரம் நின்று, 'பெரிய பறவையா?' என்று மட்டும் கேட்டார். நான் ஆமாம் என்றேன். அடுத்த ஏப்ரலில் அந்த நாணயம் சுண்டப்படவில்லை.

ஒரு வருடம் முழுக்க அப்படியே போயிற்று. வேலியோரம் பேசுவார், டிராக்டர் இரவல் தருவார், வேட்டைக்குக் கூப்பிட மாட்டார். கடைசியில் ஒரு நாள் நானே அவர் வீட்டுத் திண்ணையில் ஏறி, 'அந்த ஓடைக்கரை விஷயம் நான் செய்தது தப்பு' என்றேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல நிறைய வைத்திருந்தேன், நல்லவேளையாக வாயில் வரவில்லை. அவர், 'அந்தப் பறவை எனக்கு வேண்டியதில்லை. நீ போனில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்' என்றார். அன்று சாயங்காலம் உன் அம்மா வான்கோழி நெஞ்சுக் கறியைப் பள்ளிபாளையம் மாதிரி, தேங்காய்ச் சில்லும் மிளகாயும் போட்டு வறுத்துக் கொடுத்துவிட்டாள். ஒரு ஜக் பால் குடித்துக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார்.

அவர் ஏன் பறவைகளைப் பற்றி அவ்வளவு கணக்குப் பார்த்தார் என்று இப்போது புரிகிறது. அவர் சின்ன வயதில் இந்தக் காட்டில் வான்கோழி குரலே அபூர்வம். 1960 இல் மறுபடி வேட்டைக்கு அனுமதித்தபோது 14 கவுண்டிகளில் மட்டும், மூன்றே நாள்தான். மாநிலம் முழுவதும் கிடைத்தவை 94 பறவைகள். கூண்டில் வளர்த்து விட்டவை பிழைக்கவில்லை. காட்டில் இருந்த மிச்சத்தை வலை வீசிப் பிடித்து, வேறு காடுகளில் விட்டுத்தான் பெருக்கினார்கள். உங்கள் பக்கத்துக் கதை இன்னும் மோசம். அங்கே ஒன்றுகூட இல்லாமல் போயிருந்தது. 1976 இல் இங்கிருந்து போன வான்கோழிகளை வெர்னன் கவுண்டியில் விட்டார்கள். அதற்கு மாற்றாக விஸ்கான்சின் தன் காட்டிலிருந்து குரௌஸ் பறவைகளைப் பிடித்து இங்கே அனுப்பியது. நீ உட்கார்ந்திருந்ததும் அதே வெர்னன் கவுண்டிதான். நீ சுட்ட சேவலின் கொள்ளுப்பாட்டன் எங்கள் ஊர்க்காரனாக இருக்கலாம். கணக்குப் பார்த்துக் கொடுத்து வாங்கியதால் வந்த பறவை அது.

பெட்ரோல் காசு, காலைச் சாப்பாடு, பறவையை ஏமாற்ற வைக்கிற பொம்மைகளை யார் தூக்குவது, இதெல்லாம் நீ சரியாகத்தான் செய்வாய். ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். திங்கட்கிழமை நீயும் ஆபீஸ்காரனும் தனித்தனியாக உட்கார்ந்தீர்களாமே, யார் எங்கே என்று சொல்லிக்கொண்டீர்களா? குரல் கேட்கிற பக்கமாகப் பதுங்கிப் போகவே போகாதே. அந்தப் பெட்டைக் குரல் கொடுப்பது முகத்தை மூடிய ஒரு மனுஷனாக இருக்கும். சிவப்பும் வெள்ளையும் நீலமும் உடம்பில் எங்கேயும் தெரியக் கூடாது, சேவலின் தலை அந்த நிறம்தான். புதிதாக வந்த உன் ஆபீஸ்காரன் சிவப்புச் சாக்ஸ் போட்டிருந்தானா என்று நீ பார்த்திருக்க மாட்டாய். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு மரியாதை, முறை எதுவும் தெரியாது, வாய்விட்டுத் திட்டுவேன்.

இனி என்ன செய்வது என்று கேட்பாய். மெசேஜ் போடாதே. அவன் போனை எடுக்கவில்லை என்றால் வீட்டுக்குப் போ. இரண்டையும் தனித்தனியாகச் சொல்: வெள்ளிக்கிழமை உன் முறை, நான் எடுத்துக்கொண்டேன், திங்கட்கிழமை உன் இடம், நான் கேட்கவில்லை. மரம் மறைத்தது, நிலத்துக்காரர் கை அசைத்தார், இதெல்லாம் வேண்டாம். நிலத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. அவனுடைய பெயர் அங்கே கெட்டிருந்தால் அதை நீதான் சரிசெய்ய வேண்டும். இந்த வருடம் மீதிப் பர்மிட் கடையில் கிடைத்தால் அவனுக்கு ஒன்று வாங்கச் சொல்லி, நீ துப்பாக்கி இல்லாமல் போய் அவனுக்குக் குரல் கொடு. அவன் வேண்டாம் என்றால் விட்டுவிடு. அந்த மேட்டுக்கு அவனாகக் கூப்பிடும் வரைக்கும் போகாதே. கூப்பிடாமலே போகலாம், அதற்கும் தயாராக இரு.

தொடைக் கறியை இன்னும் ஃப்ரீசரில் வைத்திருக்கிறாயாமே. குக்கரில் ஏழு விசில் விடச் சொல்கிறாள் அம்மா, இல்லையென்றால் செருப்பு மாதிரி இருக்குமாம். அவனுக்குக் கொஞ்சம் எடுத்துப் போ, ஆனால் பேசி முடித்த பிறகு கொடு. பேச்சுக்கு முன்னால் கொடுத்தால் கறி பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

பெரியவர் குரல் கொடுக்கிற மரப்பெட்டியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மூடியை ரப்பர் போட்டுக் கட்டியிருக்கிறேன், சாக்பீஸ் பக்கத்தில் ஒரு கவரில் இருக்கிறது. எண்ணெய்க் கையோடு தொடாதே, குரல் கெட்டுவிடும். திங்கட்கிழமை வந்து சேரும் என்கிறார்கள். வந்ததும் ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா