சர்வர் உறைந்தால் உடனே ரீபூட் செய்யாதே

அன்புள்ள தம்பிக்கு,

லினக்ஸ் சர்வர் அடிக்கடி உறைகிறது, லாக் ஃபைலில் ஒரு வரிகூட இல்லை, ரீபூட் செய்தால் சரியாகிவிடுகிறது, மேலாளர் கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் செய்யச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். செய், தப்பில்லை. ஆனால் அதன்பின் உறையாமல் ஓடினாலும் காரணம் உனக்குத் தெரியப்போவதில்லை.

"பிங் போகிறது, எஸ்எஸ்ஹெச் மட்டும் தொங்குகிறது" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். விஷயமே அதில்தான் இருக்கிறது. பிங் என்பது மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று நெட்வொர்க்கில் தட்டிப் பார்ப்பது, எஸ்எஸ்ஹெச் என்பது தூரத்திலிருந்து அதற்குள் நுழைவது. பிங்குக்குப் பதில் சொல்வது கெர்னலே. அதற்கு டிஸ்க் வேண்டாம், எந்த ப்ராசஸும் (இயங்கும் நிரல்) ஓட வேண்டாம். எஸ்எஸ்ஹெச்சில் நுழையவோ புதிய ப்ராசஸ் பிறக்க வேண்டும், ஃபைல்களைப் படிக்க வேண்டும். ஆக கெர்னல் சாகவில்லை. டிஸ்க் பக்கமோ ஏதோ ஒரு பூட்டிலோ (ஒரு நேரத்தில் ஒரு ப்ராசஸை மட்டும் உள்ளே விடும் காவல்) ப்ராசஸ்கள் வரிசையாக மாட்டிக்கொண்டு நிற்கின்றன என்றுதான் சந்தேகப்படுவேன். லாக் காலியாக இருப்பதும் பொருந்துகிறது. டிஸ்க்கே வாய் திறக்காதபோது எங்கே எழுதும்?

அதனால் முதலில் நெட்கன்சோலைப் போடு. கெர்னல் செய்திகள் டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கில் யுடிபி வழியாக இன்னொரு மெஷினுக்குப் போய்விடும். அடுத்த முறை உறைந்ததும் கன்சோலில் ஆல்ட், சிஸ்ரெக்யூ (கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளையிடும் விசை), டபிள்யூ மூன்றையும் சேர்த்து அழுத்து. மாட்டிக்கொண்ட ப்ராசஸ்கள் எந்த ஃபங்ஷனில் நிற்கின்றன என்று கொட்டிவிடும். உபுண்டுவில் கெர்னல் சிஸ்ரெக்யூ மதிப்பு இயல்பாக 176. அது இதை அனுமதிக்காது, 1 ஆக மாற்றிவை.

அது போதாது. உறைவதை பேனிக்காக (கெர்னல் தானே விழுந்து நிற்பது) மாற்ற வேண்டும், ஏனென்றால் பேனிக் ஆனால்தான் கேடம்ப் என்ற கருவி மெமரியைப் படமெடுக்கும். அந்தப் படம்தான் டம்ப். ஒரு ப்ராசஸ் 120 வினாடி அசையாமல் டி நிலையில் (இடைமறிக்க முடியாத காத்திருப்பு) கிடந்தால் கெர்னல் எச்சரிக்கை மட்டும் எழுதும். ஹங் டாஸ்க் பேனிக் என்ற கெர்னல் அமைப்பை 1 ஆக்கினால் அங்கேயே விழும். மெதுவான என்எஃப்எஸ் மவுன்ட் (நெட்வொர்க் வழியாக இணைத்த ஃபைல் சேமிப்பு) இருக்கும் சர்வரில் இதைச் செய்யாதே, நல்ல மெஷினையும் சாகடித்துவிடும். கீபோர்டும் பிங்கும் சேர்ந்து செத்தால் பிஎம்சி (சர்வரைத் தனியாக நிர்வகிக்கும் சிப்) வழியாக என்எம்ஐ (கெர்னல் தடுக்க முடியாத குறுக்கீடு) அனுப்பலாம். அடையாளம் தெரியாத என்எம்ஐ வந்தால் பேனிக் ஆகும்படி முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும்.

டம்ப் கிடைத்ததும் க்ராஷ் கருவியில் திற. காத்திருக்கும் ப்ராசஸ்களின் ஸ்டாக்கை (எந்த ஃபங்ஷன் வழியாக வந்து நிற்கிறது என்ற பட்டியல்) பார்த்து மயங்காதே, நூறு இருந்தாலும் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அவை காத்திருக்கும் மியூட்டெக்ஸின் (அந்தப் பூட்டின்) ஓனர் புலத்தைப் பார். அதில் இருப்பது பூட்டை வைத்திருக்கும் ப்ராசஸின் முகவரி (கடைசி மூன்று பிட்கள் கொடிகள், கழித்துக்கொள்). அந்த ப்ராசஸ் எங்கே நிற்கிறது என்பதுதான் நீ தேடுவது.

ஒவ்வொரு முறையும் சம்பந்தமே இல்லாத இடத்தில் விழுந்தால் கதை வேறு. கோடைப் படிக்காமல் ஒரு ராத்திரி முழுக்க மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிடு.

இன்னொன்று. டம்பை அதே டிஸ்க்கில் எழுதும்படி விடாதே. சந்தேகம் அந்த டிஸ்க் பக்கமும்தானே? கேடம்ப் எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு மெஷினுக்கு அனுப்பும். அப்படி அமைத்துவிட்டு, பராமரிப்பு நேரத்தில் சிஸ்ரெக்யூ சி அழுத்தி வேண்டுமென்றே ஒரு முறை விழவைத்துப் பார். டம்ப் முழுதாக வந்து சேர்ந்தால் எனக்கு எழுது, ஓனர் புலத்தைச் சேர்ந்தே பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்