வென்ஃப்ளானும் மாடி நூலகமும்

லெஸ்டர், இங்கிலாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்தது. சின்னவள் பயாலஜி குரூப்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிவிட்டாள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். "நர்சிங் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாயேடி! இங்கே எல்லோரும் சுகம். எனக்கு வாரத்துக்கு மூன்று நீள ஷிப்ட். பையனுக்குத் தமிழ் நன்றாகப் புரிகிறது, பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வருகிறது.

உன் புலம்பலுக்கு வருகிறேன். நரம்பே கிடைக்காத அந்தப் பெரியவருக்கு நரம்பில் மருந்து ஏற்றப் போட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்த வென்ஃப்ளான் குழாயை, மூன்றாம் நாள் ஆகிவிட்டது என்பதற்காக எடுத்துவிட்டு, நாலு இடத்தில் குத்த வேண்டியதாயிற்று என்று எழுதியிருந்தாய். ஏன் என்று கேட்டதற்கு இன்சார்ஜ் சிஸ்டர், "நான் வந்த காலத்திலிருந்தே அப்படித்தான்" என்றாராம்.

இங்கே நேர் எதிர். 2022இல் வந்த புதிதில் நானும் மூன்றாம் நாள் மாற்றத்தான் கேட்டேன். "சிவப்பு, வீக்கம், வலி இல்லையென்றால் விட்டுவிடு, ஷிப்டுக்கு ஒருமுறை பார்த்து ஸ்கோர் எழுது" என்றாள் கூட இருந்த நர்ஸ். ஏன் என்றால், "பாலிசி." அவ்வளவுதான். உன் இன்சார்ஜ் சொன்ன பதிலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வார்டில் பயிற்சி கொடுக்கும் அம்மாதான், "மாடியில் லைப்ரரி இருக்கிறது, போய்க் கேள்" என்று அனுப்பினார்.

நமக்கு லைப்ரரி என்றால் என்ன ஞாபகம் வரும்? கண்ணாடி பீரோ, பூட்டு, சாவி டியூட்டரிடம். அந்த நினைப்போடுதான் படியேறினேன். அங்கே இருந்த நூலகர் புத்தகத்தை எடுக்கவே இல்லை. முதலில் என் கேள்வியைச் சரிசெய்தார். யாருக்கு, என்ன செய்தால், எதற்குப் பதிலாக, என்ன விளைவு என்று பிரித்து எழுத வைத்தார். இரண்டு நாளில் மெயில் வந்தது.

முதல் கட்டுரை 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு. 3,283 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு மூன்றாம் நாள் வழக்கப்படி மாற்றினார்கள், மற்றவர்களுக்குத் தேவைப்பட்டபோது மட்டும். ஃபிளபைட்டிஸ், அதாவது குழாய் போட்ட நரம்பில் வரும் அழற்சி, இரண்டு பக்கமும் 7 சதவீதம்தான். அந்த ஆய்வை நடத்திய கிளேர் ரிக்கார்ட் ஒரு நர்ஸ்! அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் சந்தோஷமாக இறங்கி வந்திருப்பேன். கூடவே 2021இல் வந்த ஜெனீவா ஆய்வையும் வைத்திருந்தார். அங்கே வழக்கப்படி மாற்றுவதை நிறுத்தியதும் ரத்தத்தில் தொற்று கூடியது, பழைய முறைக்குத் திரும்பியதும் குறைந்தது. "ரெண்டையும் படிங்க, முடிவு உங்க வார்டுக்கும் இன்ஃபெக்ஷன் கன்ட்ரோலுக்கும்" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரே பதில் கிடைக்கும் என்றல்லவா போனேன்.

இப்படி ஒருவர் மாடியில் உட்கார்ந்திருக்கிறார், எங்கள் வார்டில் பாதிப் பேருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. லைப்ரரி டாக்டர்களுக்கு, படிக்கிற பிள்ளைகளுக்கு என்றே நினைக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், இங்கே நர்ஸாகப் பதிவு வாங்க எழுதும் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வுக்காக ஏறுவார்கள். அதில் ஸ்டேஷன் என்று பத்துச் சோதனைகள், ஒன்று ஆய்வுச் சுருக்கம் ஒன்றைப் படித்து நோயாளிக்கு எப்படிப் பொருந்தும் என்று சொல்வது. நம் கேரளத்துப் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து படிக்கும். பாஸானதும் லாகின் பாஸ்வேர்டு மறந்துபோகும். பிறகு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது 35 மணி நேரம் படித்த கணக்குக் காட்ட வேண்டுமே, அப்போது ஞாபகம் வரும்.

சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவளைக் கேட்போம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இங்கிலாந்து செவிலியரைப் பற்றி 2001இல் வெளிவந்த யார்க் பல்கலைக்கழக ஆய்வும் இதையே சொன்னது: புத்தகத்தைவிட, கணினியைவிட, அனுபவமுள்ள சக செவிலியரையே நம்புகிறார்கள். பக்கத்தில் இருப்பவளுக்கு நோயாளியைத் தெரியும், ஒரு நிமிஷத்தில் பதிலும் வரும்.

"நேரமில்லை" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். நிஜம்தான், ஆனால் முழு நிஜம் இல்லை. டியூட்டி டாக்டர் போனைப் பார்த்தால் டோஸ் பார்க்கிறார் என்போம். நாம் பார்த்தால் ரீல்ஸ். அவர் புத்தகம் புரட்டினால் படிப்பு, நாம் புரட்டினால் "வேலை இல்லையா சிஸ்டர்?" உங்கள் ஊரில் வாய்விட்டுக் கேட்பார்கள், இங்கே கண்ணாலேயே கேட்பார்கள். உட்கார்ந்து படிப்பது நம் வேலையின் ஒரு பகுதி என்று யாரும் நமக்குச் சொன்னதில்லை, நாமும் நம்பியதில்லை. எத்தனை கட்டுரையை இலவசமாகக் கொடுத்தாலும் அது மாறாமல் லைப்ரரிக்கு நர்ஸ் வரமாட்டாள்.

அதனால்தானோ என்னவோ, இப்போது அந்த நூலகரே லேப்டாப்போடு எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, நாங்கள் டீ குடிக்கும் நேரத்தில் கேள்வி வாங்கிப் போகிறார். புது யோசனை இல்லையாம். கான்சாஸ் சிட்டியில் கெர்ட்ரூட் லாம்ப் என்ற அம்மையார் 1971இலேயே நூலகர்களை டாக்டர்களோடு ரவுண்ட்ஸுக்கு அனுப்பியிருக்கிறார். எங்கள் நூலகர் இன்னொன்றும் சொன்னார். நாங்கள் தேடும் சினால் என்ற செவிலியர் கட்டுரை அட்டவணைக்கு விதை போட்டது, லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனை நூலகர் எலா கிராண்டல், நர்ஸுகளுக்காக 1940களில் அட்டை அட்டையாக எழுதி வைத்ததுதானாம்.

சரி, உனக்கு என்ன வழி? மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் எல்லோருக்கும் இலவசம், சுருக்கமாவது கிடைக்கும். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தளத்தில் எளிய சுருக்கங்கள் இருக்கின்றன, சில தமிழிலும்கூட. அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு போய் இன்சார்ஜ் மேஜையில் மட்டும் வைத்துவிடாதே, உன் நைட் டியூட்டி இரண்டு மடங்காகும்! இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ் மூலமாகக் கமிட்டிக்குக் கேள்வியாகக் கொண்டுபோ. அதற்கு முன் ஒன்றை யோசி. ராத்திரியில் நாற்பது பேருக்கு ஒரு ஸ்டாஃப் என்றால், ஒவ்வொரு வென்ஃப்ளானையும் ஷிப்டுக்கு ஒருமுறை பார்க்க முடியுமா? முடியாதென்றால் மூன்றாம் நாள் மாற்றுவதே நல்லது என்று ஒருவர் வாதிட்டால் என்னிடம் பதில் இல்லை. உன் வார்டைத் தெரிந்த நீதான் சொல்ல வேண்டும்.

ரெண்டு கட்டுரையின் விவரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அத்தையின் கண் ஆபரேஷன் தேதி குறித்தாயிற்றா? சுகர் எவ்வளவு என்று மறக்காமல் எழுது. சின்னவளிடம், சித்தி நர்சிங்குக்குத்தான் ஓட்டுப் போடுகிறாள் என்று சொல்லிவிடு, நீ திட்டினாலும் பரவாயில்லை.

அன்புடன்,
மல்லிகா